திருமண் பெட்டிக்குள் ஒரு பொடி டப்பா

என் மேல்வாயில் இடப்பக்கம் இரண்டு கடைவாய்ப் பல் கிடையாது. அந்தப் பொக்கை வாயால் நான் ஒரு பொய் சொன்னேன். அது ஒரு பெண்ணின் தொழிலில் மண்ணைப் போட்டது. பெருமாள் கோயில் கோஷ்டி முன்னால் ஒருமுறை சொல்லிவிட்டேன். சொல்லியும் மனசு ஆறவில்லை, அதனால் எழுதுகிறேன்.

என் பெயர் பாஷ்யம். வயது அறுபத்துமூன்று. ஏனாத்தூரில் ஒரு கல்லூரி நூலகத்தில் முப்பது வருஷம் புத்தகத்துக்கு முத்திரை குத்திவிட்டு ஓய்வு பெற்றவன். அதற்குப் பிறகு காலையும் மாலையும் சின்னக் காஞ்சிபுரத்தில் கோயில் கோஷ்டியோடு பிரபந்தம் சேவிப்பதுதான் வேலை. இரண்டு வரிசையாக எதிரும் புதிருமாக உட்கார்ந்து எல்லோரும் ஒரே குரலாகச் சொல்ல வேண்டும். ஒருவன் தடுக்கினால் இருபது பேர் திரும்பிப் பார்ப்பார்கள்.

முதலில் கழற்றி மாட்டுகிற பல் செட்தான் வைத்திருந்தேன். போன வருஷம் ஒரு மாலை, கோஷ்டி உச்சத்தில் இருக்கும்போது அது கழன்று, எதிர் வரிசையில் இருந்த என் மச்சினன் ஸுதர்சன் மடியில் போய் விழுந்தது. ஸுதர்சன் ஆசாரக்காரன். அடுத்தவன் எச்சில் மடியில் விழுந்ததும் எழுந்து குளத்துக்கு ஓடி, முங்கிவிட்டு ஈரவேட்டியோடு வந்தான்.

"அத்திம்பேர், ஒண்ணு பல்லைக் கட்டிக்கோங்கோ, இல்லேன்னா வாயைக் கட்டிக்கோங்கோ" என்றான்.

டாக்டரைக் காட்டியதும் அவன்தான். செட்டித் தெருவில் அவனுக்கு ஒரு கட்டடம் இருக்கிறது. கீழே ஜரிகைக் கடை, மேலே பல் கிளினிக், இரண்டும் வாடகைக்கு. "மாடியிலே ஒரு பொண்ணு வெச்சிருக்கா. கை நன்னாயிருக்காம். பக்கத்துலயே இருக்கு, போய்ட்டு வாங்கோ."

டாக்டர் சிம்ரன். முசரவாக்கத்துப் பெண், முப்பதுக்குள்தான் இருக்கும். சினிமாக்காரி பெயர் வைத்த டாக்டரிடம் வாயைத் திறப்பதா என்று படியேறும்போதே முனகினேன். என் மனைவி ஹேமாம்புஜம், "உங்க பேரை வெச்சுண்டு நீங்கோ என்ன பாஷ்யமா எழுதிட்டேள்?" என்று வாயை அடைத்தாள்.

அந்தப் பெண் ஸ்கேன் படத்தைத் திரையில் போட்டுக் காட்டினாள்.

"பல்லு போயி ரொம்ப வருஷம் ஆயிட்டுது சார். வேலை இல்லாத எலும்பு கரைஞ்சுடும். அதுக்கு மேல, கன்னத்துக்குள்ள, காத்து அறை ஒண்ணு இருக்குது, சைனஸ்னு. அது கீழ எறங்கிட்டுது. இப்ப மூணு மில்லிமீட்டர்தான் எலும்பு மிச்சம். அதுல இம்ப்ளாண்ட் நிக்காது."

"அப்போ?"

"அந்த அறைக்குத் தரை மாதிரி ஒரு சவ்வு இருக்குது. அதை மெதுவா மேல தூக்கி, அடியில எலும்புத் தூளை நிரப்பி மூடிடுவேன். ஆறு மாசத்துல உங்க எலும்பே அதுக்குள்ள வளந்து வந்துடும். அப்புறம் பல்லு. சவ்வு கிழியாம இருக்கணும், அதான் விஷயம். முட்டைய உடைச்சா ஓட்டுக்குள்ள ஒரு தோல் இருக்கும்ல, அவ்ளோ மெல்லிசு..." என்றவள் என் நெற்றியில் இருந்த நாமத்தைப் பார்த்துவிட்டு நிறுத்தினாள். "வெங்காயச் சருகுன்னு வெச்சுக்குங்க."

"எங்காத்துல வெங்காயமும் கெடையாதும்மா" என்றாள் ஹேமா.

"சரி மாமி, பாலாடை" என்று சிரித்தாள்.

சிரிப்பு அடங்கியதும் நாற்காலியை எங்கள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். "இன்னொண்ணு சொல்லணும். இந்தத் தூள்ல நெறைய வகை இருக்குது. அதிகமாப் போடறது மாட்டு எலும்புலேர்ந்து எடுத்தது. நல்லாப் பிடிக்கும். ஆனா உங்களுக்கு அதை வெக்க நான் ஒத்துக்க மாட்டேன், நீங்களும் ஒத்துக்க மாட்டீங்க. முழுக்க செயற்கையா செஞ்சது இருக்குது. கொஞ்சம் மெதுவா வேலை செய்யும். சென்னையிலேர்ந்து வரவழைக்கறேன்."

ஹேமா காதைப் பொத்திக்கொண்டாள். அவளாகச் சொல்லியிருக்காவிட்டால் அப்படி ஒரு சங்கதி உண்டென்றே எங்களுக்குத் தெரிந்திருக்காது. அந்தப் பெண் என்னிடம் அவ்வளவு நேர்மையாக இருந்தாள். அதே நாற்காலியில், அடுத்த ஐந்தாவது நிமிஷம், நான் என்ன செய்தேன் என்பதுதான் கதை.

அவள் ஒரு படிவத்தை எடுத்தாள். சர்க்கரை உண்டா, ரத்த அழுத்தம் உண்டா என்று வரிசையாகக் கேட்டு எழுதிக்கொண்டே வந்தாள். "பழக்கம் எதுனா இருக்குதா சார்? சிகரெட், பான், பொயலை, மூக்குப்பொடி?"

எனக்குப் பொடிப் பழக்கம் முப்பத்தோரு வருஷம். நூலகத் தூசி என்று சொல்லித் தும்மியே காலத்தை ஓட்டியவன். ஏழு வருஷத்துக்கு முன் ஒரு நாள் மூக்கிலிருந்து ரத்தம் கொட்டியதும், ஹேமா என்னைப் பெருமாள் சன்னிதியில் நிறுத்திச் சத்தியம் வாங்கினாள். டப்பாவைக் குப்பையில் எறிந்தேன். நாலாம் நாள் வேறு டப்பா வாங்கினேன்.

அதை எங்கே வைப்பது? எங்கள் வீட்டில் ஹேமா கை போகாத இடமே இல்லை. ஒரே ஓர் இடம்தான் உண்டு, என் திருமண் பெட்டி. நான் தினமும் நாமம் இட்டுக்கொள்ளும் திருமண், ஸ்ரீசூர்ணம், சின்னக் கண்ணாடி எல்லாம் இருக்கிற மரப்பெட்டி. கல்யாணமான நாளிலிருந்து அவள் அதைத் தொட்டதில்லை. ஸ்ரீசூர்ணச் சிமிழுக்குப் பக்கத்தில் இன்னொரு சிமிழ் இருந்தால் யாருக்குத் தெரியும்? பட்டணம் பொடி அங்கே குடியேறியது.

முதல் இரண்டு வருஷம் வாசனைக்குப் பயந்து வெளியில் மட்டும் போட்டேன். பிறகு கொரோனா வந்தது. அது போனபோது ஹேமாவின் மோப்பத்தையும் எடுத்துக்கொண்டு போனது. இன்றுவரை அவளுக்குப் பெருங்காயமும் கற்பூரமும் ஒன்றுதான். பாவம், ரசத்தை மோந்து மோந்து பார்த்துவிட்டுக் கண் கலங்குவாள். நான் என்ன நினைத்தேன் தெரியுமா? நல்லதாகப் போயிற்று என்று நினைத்தேன். கட்டின மனைவிக்கு வந்த குறையைச் சௌகரியமாக எடுத்துக்கொண்டவன் நான். எழுதும்போது கை கூசுகிறது.

"பொடியா? நாராயணா! அதை விட்டு ஏழு வருஷமாச்சு" என்றேன்.

"பெருமாள் முன்னாடி சத்தியம் பண்ணி விட்டவர்" என்றாள் ஹேமா, பெருமையாக.

டாக்டர் என்னை நிமிர்ந்து பார்த்து, "சூப்பர் சார்" என்று சொல்லி, 'இல்லை' என்று எழுதினாள். நான் கீழே கையெழுத்துப் போட்டேன்.

அறுவை ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. வலியும் இல்லை. முடிந்ததும் தூள் வந்த டப்பாவில் இருந்த இரண்டு லேபிளில் ஒன்றை என் கோப்பில் ஒட்டினாள். இன்னொன்றை என்னிடம் கொடுத்தாள். "விலங்குப் பொருள் இல்லைன்னு இதுல போட்டிருக்குது சார். வெச்சுக்குங்க. வீட்ல யாருனா கேட்டா காட்டலாம்." நான் அதைப் பத்திரமாகத் திருமண் பெட்டியில், பொடி டப்பாவுக்கு அடியில் வைத்தேன்.

கட்டளைகள் நீளமானவை. மூக்கைச் சிந்தக் கூடாது. உறிஞ்சிக் குடிக்கக் கூடாது. சந்தியாவந்தனத்தில் பிராணாயாமம் உண்டு என்றதும், "மூக்கைத் தொட்டுக்குங்க, அழுத்தி மூச்ச அடக்காதீங்க" என்றாள். கடைசியாக, விரலை நீட்டிச் சொன்னாள்: "தும்மல் வந்தா அடக்கவே கூடாது. வாயை நல்லாத் தொறந்து தும்மிடணும். அடக்குனீங்கன்னா அந்தக் காத்து அத்தனையும் உள்ள போயி சவ்வைக் கிழிச்சுடும். மூணு வாரம், அவ்ளோதான் சார்."

ஒன்பது நாள் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன், இருக்கிற பல்லை. பத்தாம் நாள் மாலை, கோயில் குளத்தின் பின்படியில் உட்கார்ந்து, ஒரே ஒரு சிட்டிகை, அதுவும் வலது மூக்கில் மட்டும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டு போட்டேன். அறுவை இடது பக்கம்தானே!

போட்டது போட்டபடி கோஷ்டியில் போய் உட்கார்ந்தேன். பத்து நாள் பட்டினி கிடந்த மூக்கு அல்லவா, பாதிச் சேவிப்பில் தும்மல் கிளம்பியது. பெருமாள் முன்னால் வாயைப் பிளந்து தும்முவதா? எதிரில் ஸுதர்சன். ஏற்கெனவே என் பல் செட்டை மடியில் வாங்கியவன். மேல்வேஷ்டியால் மூக்கையும் வாயையும் இறுக்கிப் பிடித்துத் தும்மலை விழுங்கினேன். ஒன்று, இரண்டு, மூன்று. மூன்றாவதில் கன்னத்துக்குள் என்னவோ 'பொட்'டென்று விட்டுப்போனது.

வீட்டுக்கு வந்து பார்த்தால் மேல்வேஷ்டியில் வெள்ளை வெள்ளையாய் எலும்புத் தூள் மணிகள், ரவை சிந்தினது போல. கொல்லையில் உதறிவிட்டு யாருக்கும் சொல்லாமல் படுத்தேன். நாலு நாளில் கன்னம் வீங்கியது, பொடி மட்டும் நிற்கவில்லை. மூக்கில் துர்நீர் வடிந்தது. ஹேமா என்னை இழுத்துக்கொண்டு போனாள்.

டாக்டர் ஸ்கேனைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். "சவ்வு கிழிஞ்சு தூள் எல்லாம் மேல போயிட்டுது. இன்ஃபெக்ஷன் ஆயிட்டுது. தும்முனீங்களா சார்? அடக்குனீங்களா?"

"இல்லையே."

"மூக்கைச் சிந்துனீங்களா?"

"இல்லவே இல்லை. நீ சொன்னதெல்லாம் அட்சரம் பிசகாமப் பண்ணினேன்."

பக்கத்தில் ஹேமா, "குழந்தை மாதிரி இருந்தார்ம்மா" என்று சாட்சி சொன்னாள்.

அந்தப் பெண்ணின் முகம் தொங்கிப்போனது. எழுந்து நின்று, என்னைப் பார்த்துக் கை கூப்பினாள். "அப்ப என் தப்புதான் சார். தூக்கும்போதே சின்னதா ஒரு கிழிசல் விழுந்திருக்கணும், நான் பாக்கல. மன்னிச்சுடுங்க. இதைச் சுத்தம் பண்ணி, ஆற விட்டு, நானே திருப்பிப் பண்ணித் தரேன்."

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? "பரவாயில்லேம்மா, யானைக்கும் அடி சறுக்கும்" என்றேன். பெரிய மனசுபோல! அந்த வார்த்தையை நினைத்தால் இன்றும் செவிட்டில் நானே அறைந்துகொள்ளலாம் போல இருக்கிறது.

அன்றே வாய்க்குள் போட்ட தையலைப் பிரித்து, உப்புத் தண்ணீர் விட்டுக் கழுவினாள். தண்ணீர் மூக்கு வழியாக வழிந்தது, பஞ்சால் ஒற்றி ஒற்றி எடுத்தாள். நடுவில் ஒருமுறை அவள் கை நின்றதைக் கண்ணை மூடியிருந்தபோதும் உணர்ந்தேன். பிறகு வேலை தொடர்ந்தது. ஒன்றும் கேட்கவில்லை.

எலும்பு நிற்கவில்லை என்ற செய்தி எங்கள் தெருவில் ஒரே நாளில் பரவியது. எப்படி நிற்கும், ஏன் நிற்கவில்லை என்று ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். முடிவு கட்டியவன் ஸுதர்சன். சேவிப்பை நிறைவு செய்யும் சாத்துமுறை முடிந்து தீர்த்தத்துக்கு நிற்கும்போது என்னைச் சுற்றிப் பத்துப் பேர். அவர்கள் நடுவே சொன்னான்:

"நான் சொல்றேன் கேளுங்கோ. அவ மாட்டெலும்பைத்தான் வெச்சிருக்கா. இவர் தேகத்துக்கு அது ஒத்துக்குமா? பெருமாளே வெளியில தள்ளிட்டார். முசரவாக்கத்துக் காலனிப் பொண்ணாம், வேதக்காராளாம், சர்ச்சுக்குப் போறவாளாம், நேத்துதான் தெரிஞ்சுது. டாக்டர்னு போர்டு மாட்டிண்டா யாருன்னு யார் கேக்கறா? அவாளுக்கு மாடு ஒரு விஷயமா?"

எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். லேபிள் என் பெட்டியில் இருந்தது. வீட்டுக்கு நடந்து போய் எடுத்துவர ஐந்து நிமிஷம்தான். ஆனால் மாட்டெலும்பு இல்லை என்று ஆகிவிட்டால், பின் எதனால் கெட்டது என்று அடுத்த கேள்வி வருமே! அதற்கு என்னிடம் ஒரே பதில்தான் இருந்தது. நான் வீங்கின கன்னத்தைத் தடவிக்கொண்டு, வாயில் வலி என்பதுபோலக் கையைக் காட்டிவிட்டு நகர்ந்தேன்.

பயத்தால் மட்டும் பேசாமல் இருந்தேன் என்று சொன்னால் அதுவும் பொய். அவன் சொன்னது எல்லோருக்கும் அவ்வளவு சுலபமாக நம்பும்படி இருந்தது, எனக்கும் சௌகரியமாக இருந்தது. அவள் வேறு சாதி, வேறு மதம். பழி போட்டால் ஒட்டிக்கொள்ளும். எங்களவர் பெண்ணாக இருந்தால் ஸுதர்சன் அப்படிச் சொல்லியிருப்பானா? நான் விட்டிருப்பேனா?

உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? பதினைந்தே நாளில் செட்டித் தெரு மாடிப்படி காலியாகக் கிடந்தது. எங்கள் தெருவார் போகவில்லை. பட்டுக் கடைக்காரர்கள் போகவில்லை. ஸுதர்சன் அவளை மாதக் கடைசிக்குள் காலி செய்யச் சொல்லிவிட்டான். அதை என் வீட்டுக் கூடத்தில் வந்து, என் காபியைக் குடித்துக்கொண்டே சொன்னான். ஹேமாவும் தலையாட்டினாள். "அந்தப் பொண்ணு முகத்தைப் பார்த்தா அப்படித் தெரியலையேடா" என்று மட்டும் சொன்னாள். சொல்லும்போது என்னைப் பார்த்தாள். நான் தம்ளரைப் பார்த்தேன்.

அன்று மத்தியானம் நான் கிளினிக்குக்குப் போனேன். அவள் தனியாக, கருவிகளைத் துணியில் சுற்றிப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள். உட்காரச் சொன்னாள். நான் உட்காரவில்லை.

"டாக்டர், உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்." அதுவரை அவளை 'நீ' என்றே கூப்பிட்டிருந்தேன் என்பது அப்போதுதான் உறைத்தது. "நான் பொடி போடறவன். பத்தாம் நாள் போட்டேன். தும்மல் வந்துது, அடக்கினேன். தப்பு உங்களோடது இல்லை."

அவள் நிமிராமல் அடுத்த கருவியைச் சுற்றினாள். "தெரியும் சார்."

"தெரியுமா?"

"அன்னைக்குக் கழுவும்போது தண்ணி மூக்கு வழியா வந்துச்சுல்ல, பஞ்செல்லாம் பழுப்பா இருந்துது. மாஸ்க்கை எறக்கிட்டு மோந்து பாத்தேன். எங்கப்பா தேவசகாயம் இருபது வருஷம் பொடி போட்டுக்கினு இருந்தவரு சார். அந்த வாசனை எனக்குத் தெரியாதா?"

"அப்பவே ஏன் கேக்கலை?"

"மாமி கதவாண்ட நின்னுக்கினு இருந்தாங்க. சத்தியம் பண்ணி விட்டவருன்னு அவ்ளோ பெருமையா சொன்னவங்க முன்னாடி எப்டி கேக்கறது? நீங்களா சொல்லுவீங்கன்னு நெனச்சேன்."

"சரி, ஊரெல்லாம் இப்படிப் பேசறப்போ, ஸுதர்சன் காலி பண்ணச் சொன்னப்போ, சொல்லியிருக்கலாமே?"

"பேஷண்ட் விஷயத்தை எப்டி சார் வெளிய சொல்றது?" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. கோபித்திருந்தால் கொஞ்சம் மூச்சு விட்டிருப்பேன். பிறகு, பெட்டியை மூடிக்கொண்டே, "லேபிள் உங்ககிட்ட இருக்குதுல்ல சார்? அதையாவது காட்டியிருக்கலாம். பொடி விஷயம் வேற. மாட்டெலும்பு வெச்சேன்னு சொல்றாங்க பாருங்க, அதான்..." என்று நிறுத்தினாள். கண்ணைத் துடைக்கவில்லை, வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

படியிறங்கினேன். அவளிடம் தனியாகச் சொன்னதில் என்ன புண்ணியம்? அவளுக்குத்தான் ஏற்கெனவே தெரியுமே. தெரியாதவர்களிடம் அல்லவா சொல்ல வேண்டும்.

அன்று மாலை திருமண் பெட்டியைக் கையில் எடுத்துக்கொண்டு கோயிலுக்குப் போனேன். கூட வந்த ஹேமா, "ஏன்னா, பெட்டி எதுக்கு?" என்று கேட்டாள். நான் முன்னால் நடந்தேன். சாத்துமுறை முடிந்தது, தீர்த்தம் ஆயிற்று. எல்லோரும் எழுவதற்குள் நான் எழுந்து நின்றேன்.

"ஒரு நிமிஷம். அடியேன் ஒண்ணு விண்ணப்பம் பண்ணிக்கணும்."

பெட்டியைத் திறந்து பொடி டப்பாவை எடுத்து வைத்தேன். அதற்கு அடியில் இருந்த லேபிளை எடுத்து ஸுதர்சன் கையில் கொடுத்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். சத்தியத்தை மீறியது, படிவத்தில் பொய்க் கையெழுத்துப் போட்டது, இதே இடத்தில் தும்மலை விழுங்கியது, மாட்டெலும்பு என்று ஊர் பேசியபோது ஊமை வேஷம் போட்டது. சொல்லி முடிக்கும்போது குரல் கீச்சென்று ஆகிவிட்டது. பல்லில்லாத இடத்தில் காற்று வேறு போனது. ஒருவர்கூடச் சிரிக்கவில்லை.

ஸுதர்சன் லேபிளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். படித்தவன், ஆங்கிலம் தெரியும். "லேபிள் இதுதான்னு சொல்றா. உள்ள வெச்சதும் இதுதான்னு என்ன நிச்சயம், அத்திம்பேர்?" என்றான்.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. நான் பேசாமல் இருந்த அந்த இருபது நாளில் பொய்க்கு எலும்பு வளர்ந்துவிட்டிருந்தது. இனி உண்மையை வைத்து அதைப் பிடுங்க முடியாது. எனக்கு வந்த கோபத்தில், "நிச்சயமா? என் மூக்கை மோந்து பாருடா, அதான் நிச்சயம்!" என்று கத்தினேன். கோயிலில் கத்தியதற்காக நாலு பெரியவர்கள் என்னைக் கண்டித்தார்கள். பொடிக்காகவும் கண்டித்தார்கள். அந்தப் பெண்ணைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை.

ஹேமா தூண் ஓரமாக நின்று எல்லாவற்றையும் கேட்டிருந்தாள். வீட்டுக்கு வந்ததும் பெட்டியை என் கையிலிருந்து வாங்கிக் கிணற்றடியில் வைத்துக் கழுவினாள். முப்பத்தைந்து வருஷத்தில் முதல் தடவையாக அதைத் தொட்டாள்.

"ஆசாரம்னுதான் இதை நான் தொடாமலே இருந்தேன்" என்றாள். நான் கொல்லைப் படியில் உட்கார்ந்து அழுதேன். அவள் சமாதானம் சொல்ல வரவில்லை, வந்திருந்தால் இன்னும் கூசிப்போயிருப்பேன்.

நான் எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டதால் ஸுதர்சனுக்கு வேறு வழி இல்லை. காலி செய்ய வேண்டாம் என்று டாக்டரிடம் சொல்லி அனுப்பினான். அவள் இருக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். "போங்கன்னு சொன்ன எடத்துல எப்டி இருக்கறது" என்றாளாம். ஏனாத்தூர்ப் பக்கம், கல்லூரி மாணவர்கள் போகிற சாலையில் புதிதாகக் கிளினிக் வைத்திருக்கிறாள். கூட்டம் இருக்கிறது என்று கேள்வி. சின்னக் காஞ்சிபுரத்திலிருந்து யாரும் போவதில்லை.

நான் போனேன். சுத்தம் செய்து நாலு மாசம் கழித்து, சவ்வு ஆறிவிட்டதா என்று பார்க்க. ஹேமாவும் பஸ்ஸில் கூட வந்தாள். டாக்டர் ஸ்கேனைப் பார்த்துவிட்டு, "நல்லா மூடிக்கினு இருக்குது சார். திருப்பிப் பண்ணலாம். இன்னைக்கே பண்ணிடலாம், தூள் வரவழைச்சு வெச்சிருக்கறேன்" என்றாள். சொன்ன வாக்கு மறக்கவில்லை. எனக்குத் தலை நிமிரவில்லை.

புதுப் படிவம் ஒன்றை எடுத்தாள். சர்க்கரை, ரத்த அழுத்தம் என்று முதலிலிருந்து கேட்டாள். "பழக்கம் எதுனா?"

"பொடி. முப்பத்திரண்டு வருஷமா."

எழுதினாள். "கடைசியா எப்ப போட்டீங்க?"

ஹேமா என் பக்கத்தில் மடியில் கை வைத்து உட்கார்ந்திருந்தாள். கோஷ்டி முன்னால் சொன்ன நாளோடு எல்லாம் முடிந்தது என்று அவள் நம்பிக்கொண்டிருந்தாள். தெருவும் நம்பியது. உள்ளே கொதிக்கவைத்து எடுத்த கருவிகள் தயாராக இருந்தன. 'நாலு மாசம் ஆச்சு' என்று சொன்னால் ஒரு மணி நேரத்தில் வேலை முடிந்துவிடும்.

"இன்னிக்குக் கார்த்தால" என்றேன்.

ஹேமா என் பக்கம் திரும்பவில்லை. டாக்டர் அதையும் அப்படியே எழுதினாள். எழுதி முடித்துப் பேனாவை மூடினாள்.

"இதைத்தான் சார் அன்னைக்கும் கேட்டேன்" என்றாள். பிறகு, "இன்னைக்கு வேணாம். முழுசா விட்டு மூணு மாசம் ஆகட்டும். தூள் கெட்டுப் போகாது, எடுத்து வெக்கறேன். பொய் சொல்லாம வந்தா போதும்."

வெளியே பஸ்ஸுக்கு நின்றோம். கல்லூரிப் பிள்ளைகள் கூட்டம் கூட்டமாகப் போய்க்கொண்டிருந்தார்கள். ஹேமா என்னைப் பார்க்காமலேயே உள்ளங்கையை நீட்டினாள். நான் சட்டைப் பைக்குள்ளிருந்து டப்பாவை எடுத்து அதில் வைத்தேன். சாலையில் விட்டெறிவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் அதைத் தன் கைப்பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தாள்.

"எறிஞ்சா நாலாம் நாள் வேற வாங்குவேள். இது என்கிட்டயே இருக்கட்டும். எனக்குத்தான் வாசனை தெரியாதே. உங்களுக்கு எப்போ வேணுமோ அப்போ என் முகத்தைப் பார்த்துக் கேட்டு வாங்கிக்கோங்கோ, தரேன்."

இன்றோடு நாற்பத்தோரு நாள் ஆகிறது. டப்பா அவள் கைப்பையில்தான் இருக்கிறது, கைப்பை கூடத்து ஆணியில் தொங்குகிறது. நேற்று இரண்டு தடவை அவள் எதிரில் போய் நின்றேன். இரண்டு தடவையும் குடிக்கத் தண்ணீர் கேட்டுவிட்டு வந்தேன்.